ஆடி, மார்கழி, சித்திரை: எங்கள் பேண்டு அடுத்த வருஷம் எதை வாசிப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லாரும் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் மாஸ்டர் கரும்பலகையில் மூன்று திட்டங்களை எழுதினார். "ரெண்டு வாரம் டைம் தர்றேனுங்க. வீட்டுல போய் யோசிச்சுட்டு வந்து சொல்லுங்க. பங்குனி பொறந்ததும் நான் பார்ட் எழுத உட்காரணும்" என்றார். வருகிற ஆடியில் தொடங்கி அடுத்த கோடை வரை எங்கள் சேலம் பேண்டு என்னென்ன கச்சேரி செய்யப் போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு வாரமாக யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ இப்படி ஒரு குழுவை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

நாங்கள் 32 பேர். கிளாரினெட் 9, புல்லாங்குழல் 3, சாக்ஸபோன் 5, டிரம்பெட் 5, டிராம்போன் 3, யூஃபோனியம் 2, டியூபா ஒன்றே ஒன்று, டிரம் வகையறா 4. போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். சர்ச்சில் வாசித்துப் பழகியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நூல் வியாபாரி, ரயில்வேக்காரர் என்று எல்லாரும் கலந்த கூட்டம். யாருக்கும் சம்பளம் கிடையாது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி வகுப்பறையில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒத்திகை. நான் இரண்டாம் கிளாரினெட்.

கரும்பலகையில் இருந்தவை இவை. முதல் திட்டம், நான்கு கச்சேரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு: ஆடியில் திருவிழாப் பாட்டுகள், புரட்டாசியில் ராகங்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ், மே மாசம் மார்ச்சுகள், அதாவது அணிவகுப்பு இசை. இரண்டாவது, வருஷம் முழுக்க ஒரே தலைப்பு, சேலத்துச் சினிமா. அதாவது மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுகளை மூன்று கச்சேரியாகப் பிரித்து வாசிப்பது. மூன்றாவது, தலைப்பே வேண்டாம். நல்ல உருப்படிகளாக 14 தயார் செய்து, அதையே ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு என்று ஆறு இடத்தில் வாசிப்பது.

தலைப்பு எதற்கு என்று எங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நம் ஊரில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம், இல்லாவிட்டால் சாவு ஊர்வலம், இல்லாவிட்டால் மாதா தேர். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரம் கேட்கிற பேண்டுக் கச்சேரி என்று சொன்னால் பலருக்குப் பிடிபடுவதில்லை. முதல் வருஷம் நோட்டீஸ் கொடுக்கப் போனபோது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு வீட்டு விசேஷமுங்க?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். மறு வருஷம் நோட்டீஸில் "பழைய பாட்டுகள்" என்று பெரிதாகப் போட்டோம். அதே கடைக்காரர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலைப்பு இருந்தால்தான் கேட்க வருகிறவருக்கு உள்ளே நுழைய ஒரு வழி தெரிகிறது. அதனால் மூன்றாவது திட்டம் எவ்வளவு சுலபமாக இருந்தாலும் என் மனசு அதில் ஒட்டவில்லை.

ஆனால் தலைப்பு கூடக் கூட வாசிக்கிறவர் தலையில் ஏறும் பாரமும் கூடுகிறது. மூன்று திட்டத்தையும் நான் முதலில் இந்தக் கணக்கில்தான் எடை போட்டேன். வருஷத்துக்கு 52 ஞாயிறு. முகூர்த்த நாள், பண்டிகை, பொதுத் தேர்வு எல்லாம் போக எங்களுக்குக் கிடைத்தது போன வருஷம் 36. ஆளுக்கு 72 மணி நேர ஒத்திகை. ஒரு கச்சேரிக்குப் பத்து உருப்படி வேண்டும். முதல் திட்டத்தில் 40 புது உருப்படி, ஒன்றுக்கு இரண்டு மணி நேரம்கூட வராது. இரண்டாவதில் 24 என்று மாஸ்டர் சொல்கிறார், ஒன்றுக்கு மூன்று மணி நேரம். மூன்றாவதில் 14, ஐந்து மணி நேரத்துக்கு மேல். நன்றாக வாசிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. எங்கள் முதல் கிளாரினெட் அண்ணன் எதை வைத்தாலும் பார்த்தவுடன் வாசித்துவிடுவார். கடைசி வரிசையில் மூன்றாம் கிளாரினெட் வாசிக்கிற பிளஸ் ஒன் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம்.

அது என்ன கஷ்டம் என்று ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள். நம் சுதிக் கணக்கில் ஆறரைக் கட்டை. ஆறரைக் கட்டையில் சங்கராபரணம் ஏறும்போது கிளாரினெட்டில் தைவதத்துக்கு இடது ஆட்காட்டி விரல் ஒரு சாவியைத் தொட்டால் போதும், குழல் கிட்டத்தட்டத் திறந்தே கிடக்கும். அடுத்த நிஷாதத்துக்கு இரண்டு கை விரல்களும் ஒரே நொடியில் இறங்கி எல்லாத் துளையையும் மூட வேண்டும், கட்டை விரல் பின்னால் இருக்கும் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் கீச்சென்று ஒரு சத்தம். நான்கு கட்டைக்கு மாற்றினால் அதே இடறல் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் வருகிறது. இரண்டரைக் கட்டையில் மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில். ஆக எந்தப் பாட்டு என்பதைவிட, எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் என்பதுதான் அந்தப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையைத் தீர்மானிக்கிறது. தலைப்பு தேர்ந்தெடுக்கும்போது ஒன்றோடொன்று சுரமும் கட்டையும் பகிர்ந்துகொள்ளும் பாட்டுகளாக அமைந்தால், ஒரு உருப்படியில் பழகிய விரல் அடுத்ததற்கும் உதவும். கிறிஸ்துமஸில் இருந்து மார்ச்சுக்கும் மார்ச்சில் இருந்து கல்யாணி ராகத்துக்கும் தாவினால் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். போன வருஷம் நாங்கள் செய்தது முதல் திட்டத்தைப் போலத்தான், நான்கு தலைப்பு. முதல் இரண்டு கச்சேரி நன்றாக நடந்தது. மூன்றாவதற்குக் கையில் இருந்தது ஏழு ஒத்திகை. அதிலும் ஆவணி முகூர்த்தங்களில் டிரம்பெட்டில் மூன்று பேர் கல்யாண வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதுதான் அவர்கள் சாப்பாடு. கச்சேரியன்று ஆறாவது உருப்படியின் நடுவில் இரண்டு வரிசை இரண்டு இடத்தில் நின்றது. மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தி மறுபடி தொடங்கினார். ஜனங்கள் நல்ல மனசோடு கைதட்டினார்கள். ஆனால் அந்தப் பிளஸ் ஒன் பிள்ளை வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறு வரவும் இல்லை. இந்த முடிவை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு அந்த இரண்டு ஞாயிறுதான் காரணம்.

அந்த அனுபவத்தில் இன்னொன்றும் புரிந்தது. எங்கள் சீசனை ஆங்கிலக் காலண்டரில் போட்டது தப்பு. தமிழ் மாசத்தைப் பார்த்துப் போட வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. அந்த மாசங்களில் பேண்டு செட் அண்ணன்மார் சும்மா இருக்கிறார்கள். கல்யாண மண்டபங்களும் காலியாகக் கிடக்கின்றன, வாடகையைப் பேசிக் குறைக்கலாம். தையும் ஆவணியும் வைகாசியும் எங்களுக்கு ஆகாத மாசங்கள். மாசி பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. எந்தத் திட்டம் ஜெயித்தாலும் இந்த ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்.

சரி, தலைப்புகளுக்கு வருகிறேன்.

மார்ச்சுக் கச்சேரியை முதலிலேயே எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். ஒன்றேகால் மணி நேரம் மார்ச்சாகவே வாசித்தால் டிரம்பெட்காரர்களின் உதடு ஏழாவது உருப்படியிலேயே செத்துவிடும். கேட்கிறவருக்கும் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். மார்ச்சுகளுக்குப் பெயர் பெற்ற அமெரிக்கர் சூசாகூடத் தன் கச்சேரிகளில் பெரிய உருப்படிகளுக்கு நடுவே, கைதட்டலுக்கு நன்றி சொல்வது போலத்தான் மார்ச்சுகளை வாசித்தார். எங்களுக்கும் கச்சேரிக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

கிறிஸ்துமஸும் அப்படித்தான். பாட்டுகள் எளிது, பழைய மெட்டுகள், எல்லாருக்கும் தெரியும். ஆனால் டிசம்பர் 20க்கு மேல் எங்கள் சர்ச் நண்பர்கள் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார்கள். நான்கு ரோடு பேராலயத்தில் தொடங்கி ஊரில் உள்ள அத்தனை சர்ச்சிலும் அந்த வாரம் பாட்டும் வாத்தியமுமாகத்தான் இருக்கும். அதற்கு மேல் நாங்கள் ஒன்று சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ராகங்கள் என்ற தலைப்பு அப்படித் தள்ளக்கூடியது இல்லை. எனக்கு இதில் ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே எழுதுகிறேன். கிளாரினெட் நம் இசைக்குப் புதுசு இல்லை. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியில் அது உட்கார்ந்து தலைமுறைகள் ஆகின்றன. ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே ஆக்கிக் காட்டினார். சாக்ஸபோனுக்குக் கத்ரி கோபால்நாத். ஆனால் அவர்கள் தனி ஆளாக நின்று கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, குழைத்தவர்கள். ஒன்பது கிளாரினெட் ஒரே கமகத்தை ஒரே மாதிரி அசைப்பது என்பது வேறு வேலை. தோடி ராகத்தைப் பேண்டில் வாசிக்க ஒரு தடவை முயன்றோம். சுரம் எல்லாம் சரியாக இருந்தது, தோடி மட்டும் அதில் இல்லை. எங்கள் வாத்தியங்களிலேயே அலுங்காமல் கமகம் பிடிப்பது டிராம்போன்தான். அதில் வால்வும் இல்லை, துளையும் இல்லை, குழாயை இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றே டிராம்போனை வைத்துக்கொண்டு முழுக் கச்சேரி முடியாது.

அதனால் புரட்டாசிக்கு எழுதியிருக்கும் ராகத் தலைப்பை அப்படியே எடுத்தால் தடுமாறுவோம். அதைக் கொஞ்சம் திருப்பினால் பேண்டுக்கென்றே செய்தது போன்ற ஒரு கச்சேரி கிடைக்கிறது, நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அப்படிச் சுமார் நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரண சுரங்களில். பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு "சக்தி சஹித கணபதிம்" தெரியாமல் இருக்காது. "சந்ததம் பாஹிமாம்" இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டேதான். "சியாமளே மீனாட்சி" எல்.கே.ஜி. பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் ஆங்கிலப் பாட்டின் மெட்டு. பேண்டில் இருந்து புறப்பட்டு வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் போன மெட்டு இருநூறு வருஷம் கழித்து மறுபடி பேண்டுக்கு வருகிறது என்று நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

கேட்கிறவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. முதலில் வெள்ளைக்கார மெட்டை அப்படியே வாசிப்பது, உடனே ஒரு பிள்ளை எழுந்து தீட்சிதரின் சாகித்தியத்தைப் பாடுவது, மூன்றாவதாகப் பேண்டும் பாட்டும் சேர்வது. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன உருப்படி. எல்லாம் ஒரே சுர வரிசை என்பதால் மூன்றாம் கிளாரினெட்டின் விரல் ஒரு தடவை பழகினால் கச்சேரி முழுக்க வரும். கமகம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. கூடவே கீரவாணி, மோகனம் போல நேர்ச் சுரத்தில் நிற்கக்கூடிய இரண்டு ராகங்களில் ஒவ்வொரு உருப்படி சேர்க்கலாம். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் ராணுவ பேண்டுக்கென்றே எழுதிய "முதல் சூட்" என்ற பல பகுதி உருப்படியில் ஒரு பகுதியையும் வைக்கலாம். வேறு வாத்தியத்துக்கு எழுதியதைப் பேண்டுக்கு மாற்றாமல், பேண்டுக்கென்றே நினைத்து எழுதிய இசை எப்படி இருக்கும் என்று ஊர் ஒரு தடவை கேட்கட்டும். இதில் குறை என்று பார்த்தால் பாடுவதற்கு ஆள் வேண்டும். நடுவில் பேசி விளக்கவும் ஒருவர் வேண்டும். விளக்கம் நீண்டால் கச்சேரி பள்ளிக்கூடம் ஆகிவிடும்.

இப்போது இரண்டாவது திட்டம். பலரும் கைதூக்கப் போவது இதற்குத்தான். ஏற்காடு சாலையில் தினம் போகிறவர்களுக்கு அந்த வளைவு தெரியும். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று மிஞ்சி நிற்பது அதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வளைவுக்கு உள்ளே இருந்து வந்தன. முதல் மலையாளப் பேசும்படம் 1938இல் இங்கே எடுக்கப்பட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956இல். அந்தப் பாட்டுகளை வாசிக்க இந்த ஊரில் ஒரு பேண்டு இருந்தும் வாசிக்காமல் இருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

இசையாகவும் அவை பேண்டுக்கு ஒத்து வரும். ஜி. ராமநாதன் 1950இல் மந்திரி குமாரி படத்துக்குப் போட்ட டூயட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மலை உச்சிக்கு மனைவியை அழைத்துக்கொண்டு போகும் இடத்தில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுவது. போன மாசம் ஒத்திகை முடிந்து நாலைந்து பேர் சும்மா அதை வாசித்துப் பார்த்தோம். ஆண் குரலுக்கு யூஃபோனியம், பெண் குரலுக்கு கிளாரினெட், கீழே டியூபா மெதுவாக நடந்துகொண்டே இருந்தது. மீரட்டில் வாங்கிய பழைய யூஃபோனியம்தான், வால்வு ஒன்று லொடலொடக்கும். ஆனால் அந்த முதல் வரியை அது எடுத்தபோது வெளியே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். இரண்டாவது வரிக்கு அவர் வாய் அசைந்தது. சொற்கள் இல்லாமலே சொற்கள் கேட்கிற பாட்டு அது.

சட்டக் கணக்கிலும் ராமநாதன் எங்களுக்கு உதவுகிறார். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு மெட்டின் உரிமை, இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிற்கும். அவர் 1963இல் இறந்தார். ஆக 2023 டிசம்பரோடு அவர் மெட்டுகள் பொதுவுக்கு வந்துவிட்டன. யாரிடமும் கேட்காமல் பேண்டுக்கு மாற்றி எழுதலாம், டிக்கெட் போட்டும் வாசிக்கலாம். அதே நிறுவனத்துக்கு 1961இல் குமுதம் படத்துக்கு இசையமைத்த கே.வி. மகாதேவன் 2001 வரை வாழ்ந்தவர், அவர் மெட்டுகளுக்கு இன்னும் பல வருஷம் பாக்கி. அறுபதுகளில் அங்கே இசையமைத்த வேதாவின் மெட்டுகளில் பல இந்திப் படங்களில் இருந்து வந்தவை என்பதால் அங்கே இன்னும் சிக்கல்.

இங்கே ஒன்றை எங்கள் ஆட்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொழிலாக இல்லாமல் நடத்தும் ஒரு சங்கம், பார்வையாளரிடம் காசு வாங்காமல் வாசித்தால் அது உரிமை மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "இலவசமா வாசிச்சா எதையும் வாசிக்கலாமுங்க" என்று ஒருவர் சொன்னார். வாசிப்பது சரி. உரிமை உள்ள மெட்டைப் பேண்டுக்கு ஏற்றபடி மாற்றி எழுதுவது தனி உரிமை, அதற்கு அனுமதி கேட்க வேண்டும். ஆக சேலத்துச் சினிமா என்று 24 பாட்டு எடுத்தால் அதில் கணிசமான பங்குக்கு மாஸ்டர் பேனா எடுப்பதற்கு முன் கடிதம் எழுத வேண்டி வரும். மூன்று கச்சேரியாக இழுப்பதில் எனக்கு இருக்கும் தயக்கத்துக்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று பேண்டின் காதில் இருந்து வருகிறது. அந்தக் காலத்துப் பாட்டுகள் குரலை நம்பி எழுதியவை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும், சொல் மாறுவதால் அலுக்காது. சொல்லை எடுத்துவிட்டால் மூன்றாவது சுற்றில் கேட்கிறவர் நெளிய ஆரம்பிப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வாத்தியம், நடுவில் ஒரு கட்டை மாற்றம், ஓரிடத்தில் டிரம் மட்டும் என்று மாஸ்டர் புதுசாக ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். பத்துப் பாட்டுக்கு அது முடியும். இருபத்து நாலுக்கு முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் முதல் கச்சேரியை ஆசையாக வாசிப்பார்கள், மூன்றாவதை யாருக்காகவோ வாசிப்பது போல வாசிப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

மூன்றாவது திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத் தேறிய 14 உருப்படி என்பது பெரிய நிம்மதி. ஆனால் சேலத்தில் நம்மைக் கேட்க வருகிறவர்களுக்கு வருஷம் ஒரே கச்சேரிதான் கிடைக்கும். மற்ற ஐந்தும் வேன் வாடகையாகப் போகும். அதில் எனக்குப் பிடித்தது ஏற்காடு மட்டும். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாஸ்டர் எந்தத் திட்டம் வந்தாலும் மலைக்கு ஒரு கச்சேரி உண்டு என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில் மேலே வாசித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்து வேனில் இருந்து இறங்கியபோது இரண்டு பேருக்கு வாந்தி, பேஸ் டிரம்மின் தோல் பனியில் தளர்ந்து தொப்பென்று அடித்தது. கீழே சேலத்தில் கச்சிதமாகச் சேர்த்து வைத்திருந்த சுதி மேலே போனதும் எங்கோ இறங்கிவிட்டது. குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் சுதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு அரைச் சுரத்தில் ஏறக்குறைய நூற்றில் மூன்று பங்கு. சேலத்தில் 30 டிகிரியில் சேர்த்ததை 1,500 மீட்டர் உயரத்தில் 15 டிகிரியில் வாசித்தால் கணக்குப்படி அரைச் சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி இறங்கும். மூச்சு உள்ளே போய்ச் சூடாக்குவதால் கிளாரினெட் சீக்கிரம் தேறிவிடும். டியூபாவின் நீளக் குழாய் சூடாவதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடும். எல்லாரும் ஒரே அளவு இறங்கினால் பரவாயில்லை, ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு இறங்கியதுதான் அன்றைய வேதனை. துணி கிளிப் மாட்டியும் ஷீட் நனைந்து ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டது. மர கிளாரினெட் வைத்திருந்த அண்ணன், விறைத்த மரத்துக்குள் சூடான மூச்சு போனால் வெடித்துவிடுமோ என்று அதைச் சட்டைக்குள் வைத்துக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆகவே மலைக்குக் கோடையில் போக வேண்டும், மே மாசம். கீழே வெயில் கொளுத்தும்போது ஊரே மேலே போகிறது, கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிட்டால் பனியும் இல்லை, இறங்கும்போது பயமும் இல்லை. அங்கே வருகிறவர்கள் பல ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சேலத்துச் சினிமா வரலாறு முழுக்கத் தேவையில்லை, ஆனால் ஏற்காடு அடிவாரத்தில் பிறந்த பாட்டு என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். தலைப்பைத் தளர்த்தி, வருஷம் முழுக்கத் தேறியதில் மிகச் சிறந்ததைக் கொண்டுபோகும் இடம் அது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கரும்பலகையில் இருக்கும் மூன்றில் எதற்கும் அப்படியே கை தூக்க எனக்கு மனசில்லை. முதலாவதில் இருந்து நான்கை மூன்றாகக் குறைத்து, இரண்டாவதன் பாட்டுகளை ஒரு கச்சேரிக்கு மட்டும் எடுத்து, மூன்றாவதன் நிம்மதியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப் போகிறேன்.

ஆடியில் சேலத்துச் சினிமா, பத்து உருப்படி. அதில் குறைந்தது ஏழு ராமநாதனுடையதாக இருக்கட்டும், அனுமதிக் கடிதம் மூன்றோடு நிற்கும். கோட்டை மாரியம்மன் திருவிழா முக்கிய நாட்களையும் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை நாளையும் விட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும், நாங்களும்தான். போஸ் மைதானத்தில் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு ஆடி மாசத்தில் காலியாக இருக்கும் ஒரு மண்டபமே போதும். தெருவெங்கும் அம்மன் பாட்டு மைக் கட்டியிருக்கும் மாசத்தில் திறந்த வெளியில் ஒரு கிளாரினெட் மெதுவாகத் தொடங்கினால் யாருக்கும் கேட்காது.

மார்கழியில் நோட்டுஸ்வரம். டிசம்பரில் வேண்டாம், ஜனவரி முதல் ஞாயிறு. மார்கழியும் இருக்கும், சர்ச் நண்பர்களும் வேலை முடிந்து திரும்பியிருப்பார்கள், முகூர்த்தமும் இருக்காது. முதல் கச்சேரியில் நன்றாக அமைந்த நான்கை வைத்துக்கொண்டு ஆறு புதுசு. அப்புறம் சித்திரை கடைசியில், முகூர்த்தம் இல்லாத ஒரு மே ஞாயிறாகக் காலண்டரில் தேடி, ஏற்காடு. அங்கே ஏழு பழசு, மூன்று புதுசு. அந்த மூன்றைக் கல்லூரிப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் காதில் இப்போது ஓடும் பாட்டாக இருக்கட்டும். அனுமதி கேட்கும் வேலையையும் அவர்களே பார்க்கட்டும்.

கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு 19 புது உருப்படி. 72 மணி நேரத்தை 19ஆல் வகுத்தால் ஒன்றுக்கு மூன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் வருகிறது. போன வருஷம் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. புரட்டாசியில் கச்சேரி இல்லை என்று சிலருக்கு வருத்தம் இருக்கும். கல்யாணம் இல்லாத அந்த மாசத்து ஞாயிறுகளில் எல்லாரும் வருவார்கள், அதை முழுக்க ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் முடிவை மாற்றக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. நோட்டுஸ்வரத்துக்குப் பாடுகிற பிள்ளை ஐப்பசிக்குள் கிடைக்கவில்லை என்றால் மார்கழிக்கும் சினிமாவே வாசிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போது இரண்டாவது திட்டத்தை நோக்கித்தான் போவோம். டிக்கெட் விஷயத்தில் மட்டும் நான் மாறமாட்டேன். மூன்று கச்சேரியும் இலவசம், வாசலில் உண்டியல். தட்டுவடை செட் வாங்கித் தின்றுகொண்டே எட்டிப் பார்க்கிறவரும் உள்ளே வந்து உட்கார வேண்டும்.

வருகிற ஞாயிறு ஓட்டெடுப்பு. அதற்கு முன் பதினைந்து நிமிஷம் கேட்டிருக்கிறேன், மாஸ்டர் சரி என்றார். மந்திரி குமாரி டூயட்டின் முதல் பதினாறு பாரை (தாளச் சுற்றை) மூன்றாம் கிளாரினெட்டுக்கு ஒரு தடவை ஆறரைக் கட்டையிலும் ஒரு தடவை இரண்டரைக் கட்டையிலும் நேற்று ராத்திரி கையால் எழுதி முடித்தேன். எதில் விரல் இடறாமல் வருகிறது என்று அந்தப் பிள்ளை வாசித்துப் பார்த்துச் சொல்லட்டும்.